வலிப்பு நோய் மருந்து: போரில் தலைக்காயம் பட்டவர்களும் கரையோரக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டியவை

மன்னார் நகரிலிருந்து தெற்கே, அருவியாற்றைக் கடந்து அரிப்புக்கு அப்பால் இருக்கிறது சிலாவத்துறை. முசலி பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இந்தக் கரை ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இங்கிருந்தவர்களும் புத்தளம் பக்கம் போனார்கள். 1991 மார்ச்சில் இங்கிருந்த இராணுவ முகாமைச் சுற்றிப் பெரும் சண்டை நடந்தது. 2007 செப்டெம்பர் தொடக்கத்தில் இப்பகுதியை இராணுவம் கைப்பற்றியபோது மீண்டும் இடப்பெயர்வு. 2009 இற்குப் பிறகுதான் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள்.

ஷெல் துண்டு, குண்டுச் சிதறல், துப்பாக்கிச் சன்னம் ஆகியவற்றால் தலையில் காயப்பட்டுப் பிழைத்தவர்கள் வடக்கின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டது, தழும்பு மட்டும்தான் மிச்சம் என்று அவர்களும் குடும்பத்தாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மூளையில் ஏற்பட்ட தழும்பு, பல ஆண்டுகள் கழித்தும் வலிப்பாக வெளிப்படலாம்.

வியட்நாம் போரில் தலையைத் துளைத்த காயங்களுடன் தப்பிய அமெரிக்கப் படையினரை மருத்துவர்கள் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து அவதானித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வலிப்பு நோய் வந்தது. பெரும்பாலானோருக்கு முதல் சில ஆண்டுகளுக்குள் வந்தாலும், வலிப்பு வந்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குக் காயப்பட்டு 14 ஆண்டுகளுக்குப் பின்னரே அது தொடங்கியது. எங்கள் போர் முடிந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆகவே இன்று ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், “பேய் பிடித்தது”, “யாரோ செய்வினை செய்தார்கள்” என்று அலைவதற்கு முன், பழைய தலைக்காயத்தை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

போர்க்காயம் இல்லாமலும் வலிப்பு வரும். பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் குறைந்தவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், வீதி விபத்தில் சிக்கியவர்கள், பக்கவாதம் வந்த முதியவர்கள் எனப் பலருக்கும் இது வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 வீதம் வரையானோர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. அந்தச் சிகிச்சை பெரும்பாலும் மாத்திரைதான். அதை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பல உயிர்கள் தங்கியிருக்கின்றன.

முதல் விதி: திடீரென நிறுத்தக் கூடாது

வலிப்பு மருந்து காய்ச்சலுக்குப் போடும் பனடோல் போன்றதல்ல. வலிப்பு வந்த பிறகு போடுவதற்காக அது தரப்படுவதில்லை. இரத்தத்தில் ஓர் அளவு மருந்து எப்போதும் இருந்தால்தான் மூளையின் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும். இரண்டு மூன்று நாள் மாத்திரை விட்டால் அந்த அளவு இறங்கிவிடும். அப்போது வருகிற வலிப்பு, முன்பு வந்ததைவிடக் கடுமையாக வரலாம். ஒன்று நிற்காமல் அடுத்தது தொடரும் நிலையும் ஏற்படலாம். அது உயிராபத்து. பினோபார்பிட்டோன், குளோனசெப்பாம், குளோபசாம் ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது குறிப்பாக ஆபத்தானது.

மருந்தை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணங்கள் நான்கு. “ஒரு வருசமாக வரவில்லை, சுகமாகிவிட்டது.” “குளிசை போட்டால் நித்திரை தூங்குகிறது.” “கல்யாணம் பேசுகிறார்கள், வீட்டில் மாத்திரை இருக்கக் கூடாது.” “கிளினிக்குக்குப் போகக் காசில்லை.”

முதலாவதற்குப் பதில்: வலிப்பு வராமல் இருப்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது வலிப்பின்றி இருந்த பின்னரே நிறுத்துவது பற்றி வைத்தியர் யோசிப்பார். அதுவும் பல மாதங்களில் படிப்படியாகக் குறைத்துத்தான். தலைக்காயத்தால் வலிப்பு வந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்புக் கூட என்பதால், சிலர் நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவதற்குப் பதில்: ஆரம்ப வாரங்களில் வரும் நித்திரை மயக்கம் பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால் அளவையோ மருந்தையோ வைத்தியர் மாற்றலாம். மறைத்துவைத்து அரை மாத்திரை போடுவது தீர்வல்ல.

கல்யாணத்துக்காக மருந்தை ஒளிப்பதால் அதிகம் பாதிக்கப்படுவது பெண்பிள்ளைகள். புது வீட்டில் மாத்திரையை விட்டுவிட்டு, சில நாட்களில் அடுப்படியில் வலிப்பு வந்து எரிகாயத்துடன் வைத்தியசாலைக்கு வருவதைவிட, பேசும்போதே உண்மையைச் சொல்வது எல்லோருக்கும் நல்லது. வலிப்பு ஒட்டும் நோயல்ல. தலைக்காயத்தால் வந்த வலிப்பு பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போகாது.

ஒரு நேரம் மறந்துவிட்டால்

நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் அந்த ஒன்றை விட்டுவிட்டு வழமையான வேளைக்குப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு நாளுக்கு மேல் விடுபட்டிருந்தால் வைத்தியசாலையில் கேளுங்கள்.

அளவைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பினைட்டோயின் மாத்திரை நன்றாகக் காட்டும். இந்த மருந்தில் அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அதன் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறிவிடும். அப்போது நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், பார்வை இரண்டாகத் தெரியும், கண் ஆடும். பார்ப்பவர்கள் குடிவெறி என்று நினைப்பார்கள். வலிப்பு மருந்து எடுக்கும் ஒருவர் குடிக்காமலே தள்ளாடினால் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

மாத்திரை மாறினால் கேளுங்கள்

1968 இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், பினைட்டோயின் எடுத்துவந்த பலருக்கு ஒரே காலத்தில் நஞ்சேறிய அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. கம்பனி தன் கூட்டுக் குளிசையில் மருந்தோடு நிரப்பும் வெறும் பொடியை மட்டும் மாற்றியிருந்தது. புதிய பொடியால் மருந்து உடலில் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரே கம்பனியின் மருந்து வருவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கும் நிலையும் இருந்தது. ஆகவே இவற்றைப் பழக்கமாக்குங்கள்:

- மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், “இது அதே மருந்தா? எத்தனை மில்லிகிராம்?” என்று மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள்.
- பழைய மாத்திரையின் அட்டையில் ஒன்றையாவது பத்திரப்படுத்துங்கள். வெளியே வாங்கும்போது அதைக் காட்டுங்கள்.
- மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைத்தோ பொடியாக்கியோ எடுக்கக் கூடாது. எது அந்த வகை என்று முதலிலேயே கேட்டறியுங்கள்.
- பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாணி மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, அதற்குரிய அளவுக் குவளையிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். தேக்கரண்டிகள் ஒரே அளவாய் இருப்பதில்லை.

சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி, அரிப்புப் பகுதிகளில் பல குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கும் ஒரு கால் புத்தளத்திலும் இருக்கிறது. புத்தளத்தில் ஒரு கிளினிக் கொப்பி, மன்னாரில் இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு இடத்து வைத்தியரும் மற்றவர் எழுதியதை அறியாமல் எழுதினால், ஒரே மருந்தை இரண்டு மடங்காகவோ ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகளையோ எடுக்க நேரிடும். ஒரு நோயாளிக்கு ஒரு கொப்பி. எங்கு போனாலும் அது கையில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் அதன் படமும் இருப்பது நல்லது. இடப்பெயர்வில் மருத்துவப் பதிவுகளைத் தொலைத்த மக்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடற்காற்றும் கடதாசி உறையும்

காபமசெப்பீன் மாத்திரை ஈரம் பட்டால் இறுகிவிடும். இறுகிய மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையாது. ஈரமான இடத்தில் வைத்த காபமசெப்பீன் மூன்றில் ஒரு பங்கு வரை பலன் இழக்கக் கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990 இலேயே எச்சரித்தது. சோடியம் வல்புரோயேட் மாத்திரையும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

எங்கள் வைத்தியசாலைகளில் மாத்திரையைப் பெரும்பாலும் சிறிய கடதாசி உறையில் போட்டுத்தான் தருகிறார்கள். கடற்கரை வீட்டில் அந்த உறையைச் சுவரில் செருகி வைத்தால் ஒரு மாதத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒழுங்காகப் போட்டும் வலிப்பு வருகிறதென்றால், மாத்திரை வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அட்டையில் உள்ள மாத்திரையைப் போடும் நேரம் வரை பிரிக்காதீர்கள். உதிரி மாத்திரையை உறையோடு சேர்த்து இறுக மூடும் காய்ந்த போத்தலில் வையுங்கள். அடுப்படி, குளியலறை, படகு ஆகியன மருந்து வைக்கும் இடங்களல்ல. பிள்ளைகளுக்கு எட்டாத உயரமும் முக்கியம்.

மாரியில் அருவியாறு பெருகினால் மன்னார்ப் போக்குவரத்துத் தடைப்படும். ஆகவே மாத்திரை தீரும் நாள் வரை காத்திருக்காமல், ஒரு கிழமைக்காவது மேலதிகமாகக் கையிருப்பு இருக்கும்படி கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாளில் போக முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர் கொப்பியோடு போய்க் கேட்கலாம். சிலாவத்துறை வைத்தியசாலையில் அந்த மருந்து உள்ளதா என்றும் விசாரியுங்கள்.

கடல், கிணறு, நெருப்பு

வலிப்பு நோயுள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 15 முதல் 19 மடங்கு அதிகம் என இங்கிலாந்து, வேல்ஸ் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று காட்டியது. கடலோடு வாழாத மக்களிடம் எடுத்த கணக்கு அது. சங்கும் அட்டையும் குளிக்கும், வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் மன்னார்க் கரைக்கு அது இன்னும் பெரிய எச்சரிக்கை.

வலிப்புக் கட்டுப்படாத ஒருவர் சுழியோடவே கூடாது. தனியாகப் படகில் போகக் கூடாது. வைத்தியர் சம்மதித்துத் தொழிலுக்குப் போவதானாலும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். கூட வருபவருக்கு நோயைச் சொல்லியிருக்க வேண்டும். நித்திரை முழிப்பு வலிப்பைத் தூண்டும் பெரிய காரணி. இரவுத் தொழில் செய்பவர் இதை வைத்தியரிடம் சொல்லி, கரைத்தொழிலுக்கு மாற முடியுமா என்று பார்க்க வேண்டும். வாடிக்குப் போய்த் தங்குபவர்கள் போகும் நாட்களுக்கும் கூடுதலாகச் சில நாட்களுக்கும் மாத்திரை கொண்டு போக வேண்டும். மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

கிணற்றுக் கட்டில் நின்றோ குளத்தில் இறங்கியோ குளிக்காமல், சற்றுத் தள்ளி இருந்து வாளியில் அள்ளிக் குளியுங்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம். விறகடுப்பில் தனியாகச் சமைப்பதைத் தவிருங்கள். முடியாவிட்டால் அடுப்பை உயரத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம் ஆகியவற்றை வைத்தியர் அனுமதிக்கும் வரை ஓட்டக் கூடாது. மரம் ஏறுவதும் அப்படித்தான்.

வேறு மருந்துகளோடு மோதினால்

போரில் அவயவம் இழந்தவர்களும், உடலில் சிதறல் துண்டுகளோடு வாழ்பவர்களும் வலிக்கு மருந்து தேடுவது இயல்பு. டிரமடோல் என்ற வலிநிவாரணி வலிப்பைத் தூண்டக் கூடியது. வலிப்பு உள்ளவர் அதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. சிப்ரோபுளொக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் வலிப்பைத் தூண்டலாம். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் ஆகியவை காபமசெப்பீனின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். காசநோய்க்கு எடுக்கும் மருந்துகளும் வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எந்த நோய்க்கு எங்கு போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, “நான் வலிப்புக்கு மருந்து எடுக்கிறேன்” என்பதே.

தலையிலோ உடலிலோ உலோகத் துண்டு இருப்பவர், எம்.ஆர்.ஐ. படம் எடுக்க முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உள்ளே இருக்கும் துண்டை அசைக்கக் கூடும்.

சாராயமும் கள்ளும் மருந்தின் மயக்கத்தைக் கூட்டும். வெறி இறங்கும்போது வலிப்பு வரவும் செய்யும். நாட்டு மருந்து எடுப்பவர் அதையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வேண்டிக்கொள்வதை எந்த மாத்திரையும் தடுப்பதில்லை. வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்தாதிருந்தால் போதும்.

ரமழான் நோன்பு வருமுன்னரே கிளினிக்கில் பேசுங்கள். இரண்டு வேளை மருந்தை சஹருக்கும் இப்தாருக்கும் மாற்றுவது சிலருக்கு முடியும். மூன்று வேளை எடுப்பவர்களுக்கும் வலிப்புக் கட்டுப்படாதவர்களுக்கும் அது ஆபத்து. நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. இந்துக்களின் விரத நாட்களிலும் மாத்திரையை விடக் கூடாது.

பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை

சோடியம் வல்புரோயேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படலாம். 30 முதல் 40 வீதமானோருக்கு வளர்ச்சி, கற்றல் தொடர்பான பிரச்சினைகள் வரலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இந்த மருந்தை எழுதக் கூடாதென 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இதை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பயந்து உடனே நிறுத்திவிட வேண்டாம். பெரிய வலிப்பு வந்தால் தாயும் வயிற்றுப் பிள்ளையும் ஆபத்துக்குள்ளாவர். கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே வைத்தியரிடம் சொன்னால், பாதுகாப்புக் கூடிய மருந்துக்கு மாறவும் போலிக் அமிலம் தொடங்கவும் காலம் கிடைக்கும். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டால் மாத்திரையை விடாமல், தாமதிக்காமல் போய்க் கேளுங்கள்.

காபமசெப்பீன், பினைட்டோயின், பினோபார்பிட்டோன் ஆகிய மூன்றும் கருத்தடை மாத்திரையின் பலனையும் கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் பலனையும் குறைத்துவிடும். லூப்பையும் மூன்று மாத ஊசியையும் அவ்வாறு பாதிப்பதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

பெரும்பாலான தாய்மார் மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். பிள்ளை அளவுக்கு மீறி உறங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ காட்டுங்கள். பிள்ளையைத் தனியாக நின்று குளிப்பாட்ட வேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- காபமசெப்பீன், பினைட்டோயின், பினோபார்பிட்டோன், லமோட்ரிஜின் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாயிலும் கண்ணிலும் புண் வருதல். அபூர்வமாக இது தோல் உரியும் அளவுக்குப் போய் உயிரைப் பறிக்கும்.
- வல்புரோயேட் எடுப்பவருக்கு விடாத வாந்தி, கண் மஞ்சளாதல், வழமைக்கு மாறான சோர்வு.
- காரணமின்றி இரத்தக்கசிவு, தோலில் நீலத் தழும்பு.
- மனநிலை மாற்றம், கடும் கோபம், சாக வேண்டும் என்ற எண்ணம். லெவெட்டிரசெட்டம் உட்படச் சில மருந்துகள் இதைத் தூண்டலாம். போரின் இழப்புகளைச் சுமப்பவர்களுக்கு, “அது பழைய கவலைதான்” என்று வீட்டார் விட்டுவிடும் ஆபத்து உண்டு. மருந்து தொடங்கிய பின் மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வலிப்பு வரும்போது

இரும்புத் திறப்பைக் கையில் கொடுப்பதும், வாய்க்குள் கரண்டி வைப்பதும், கைகாலை அமுக்கிப் பிடிப்பதும் பலனற்றவை. பல்லும் எலும்பும் உடையலாம். பக்கத்தில் உள்ள கூரிய பொருட்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். கழுத்தைச் சுற்றியுள்ளதைத் தளர்த்துங்கள். உடல் உதறல் அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம். மணியைப் பாருங்கள். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, நீரில் நிகழ்ந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ, வாழ்க்கையில் முதல்முறை என்றாலோ 1990 இற்கு அழைத்து சுவசெரிய நோயாளர் காவு வண்டியைக் கூப்பிடுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

இங்கே சொன்னவை பொதுவான விளக்கங்கள். உங்கள் அளவையும் மருந்தையும் தீர்மானிக்க வேண்டியவர் உங்களைப் பார்க்கும் வைத்தியரே. அடுத்த கிளினிக் நாளுக்குப் போகும்போது, கடந்த மாதம் எத்தனை முறை வலிப்பு வந்தது, எத்தனை வேளை மாத்திரை தவறியது, வேறு என்ன மருந்து எடுத்தோம் என்ற மூன்றையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தவறிய வேளைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். நோயாளி நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தக் குறிப்பு கையில் இருந்தால், மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்பதை அவர் அந்த நேரத்துக்குள் சரியாக முடிவெடுக்க முடியும்.